88ஆம் சங்கீதம் வாசிக்கப்படும் குழி

எருசலேமில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் புனித பேதுரு காலிகாந்து ஆலயம் நிற்கிறது. சேவல் கூவுமுன் சீஷனாகிய பேதுரு மூன்று தரம் ஆண்டவராகிய இயேசுவை மறுதலித்ததன் நினைவாக எழுப்பப்பட்டதால், அதன் கூரை உச்சியில் பொன்னிறச் சேவல் ஒன்று இருக்கிறது. பிரதான ஆசாரியனாகிய காய்பாவின் வீடு இருந்த இடம் இதுவே என்பது மரபு. தொல்லியலாளர் அனைவரும் இதை ஏற்பதில்லை. அந்த வீடு மலையின் மேற்பகுதியில் இருந்திருக்க வேண்டும் என்போரும் உண்டு. ஜெபிக்க வருகிறவர்கள் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எருசலேமுக்கு நாங்கள் சென்ற பயணத்துக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கடியும் வீட்டில் ஒருவருடைய நோயும் ஒன்றுசேர்ந்து என் உறக்கத்தைக் கெடுத்திருந்தன. என்மேல் அன்புள்ளவர்கள் வசனங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கும் பிலிப்பியர் நிருப வசனம் அவற்றுள் அடிக்கடி வந்தது. பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார் என்று அறிந்திருந்தும், அன்றைய நிலையில் அது என் காதில் கட்டளையாகவே விழுந்தது. கவலைப்படுவதும் ஒரு குற்றமோ என்று இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது.

ஆண்டவர் பிடிக்கப்படுமுன் ஜெபித்த தோட்டமாகிய கெத்செமனேயில்தான் அந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. அங்கே 1924இல் கட்டி முடிக்கப்பட்ட சகல தேசத்தார் ஆலயத்தின் ஜன்னல்கள் ஊதா நிறத்தவை. ஆகவே பகலிலும் உள்ளே அரையிருள்தான். பீடத்துக்கு முன்னால் இருக்கும் பாறையின் அருகே, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று ஆண்டவர் சீஷர்களிடம் சொன்னதை மாற்கு சுவிசேஷத்திலிருந்து வாசித்தோம். தம்முடைய துக்கத்தை அவர் மறைக்கவில்லை, உடனிருந்தவர்களை விழித்திருக்கும்படி கேட்கவும் தயங்கவில்லை.

காலிகாந்து ஆலயத்தின் அடித்தளத்துக்குக் கீழே, பாறையில் குடையப்பட்ட ஆழமான குழி ஒன்று உண்டு. கைதிகளைக் கயிறு கட்டி இறக்கியிருக்கக்கூடிய துவாரம் மேலே தெரிகிறது. சுவரில் பழங்காலக் கிறிஸ்தவர்கள் பொறித்த சிலுவைக் குறிகள் இருக்கின்றன. ஆண்டவர் பிடிக்கப்பட்ட இரவைக் கழித்த இடம் இதுவென்று நம்புகிறவர்கள், இப்போது அமைக்கப்பட்டிருக்கும் படிகள் வழியே இறங்கி, பல மொழிகளில் அங்கே வைக்கப்பட்டிருக்கும் 88ஆம் சங்கீதத்தை, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றை, வாசிக்கிறார்கள். நாங்கள் எங்கள் தமிழ் வேதாகமத்தைத் திறந்தோம். "என்னைப் பாதாளக்குழியிலும் இருளிலும் ஆழங்களிலும் வைத்தீர்" என்ற வரியைப் போதகர் வாசித்தபோது, கல்லில் மோதிய குரல் இரண்டு மடங்காகக் கேட்டது.

எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரால் வழங்கும் அந்தச் சங்கீதம் விசித்திரமானது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை எங்கேனும் ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இதுவோ திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் அதைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை, ஆறுதலான ஒரு முடிவை ஒட்டவைக்கவும் இல்லை. விடை கிடைக்காத ஒருவனுடைய கதறல், கதறலாகவே ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் குழியில் நின்றபோது எனக்கு ஆறுதல் தந்தது இதுதான்: என் நிலைமையை நான் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இதே நகரத்தில் தீர்க்கதரிசியாகிய எரேமியாவும் ஒரு குழியில் இறக்கப்பட்டுச் சேற்றில் அமிழ்ந்தது அப்போது நினைவுக்கு வந்தது. அவரைத் தூக்கியெடுக்க வந்த எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக், கயிறு அறுத்துவிடாதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்கினான் என்று எரேமியா புத்தகத்தின் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு ராஜ்யம் வீழப்போகும் வரலாற்றைச் சொல்லிவரும் புத்தகம், ஒரு மனிதனுடைய அக்குள் நோகாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டையும் மறவாமல் பதிவு செய்திருக்கிறது. எத்தனையோ வாக்குத்தத்தங்களைவிட இந்தச் சிறு குறிப்பு என்னை அதிகமாகத் தொட்டது.

அடுத்த சங்கீதம் கர்த்தரின் கிருபைகளைப் பாடுவதாகத் தொடங்குவதால், அதையும் வாசித்துவிட்டு மேலே ஏறலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். ஏமான் நிறுத்திய இடத்திலேயே நாமும் நிறுத்துவோம் என்றார் போதகர். சிலருக்கு அதில் மனக்குறைதான். எனக்கோ அவர் செய்தது சரியென்றே பட்டது.

இப்போதெல்லாம் நெருக்கத்தில் இருப்பவர்களுக்கு வசனம் அனுப்ப நேர்ந்தால், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்னும் 13ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தையே முதலில் அனுப்புகிறேன். சிலர் திகைக்கிறார்கள். ஒருவர், இது வேதத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டு, புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தபின், அந்த அதிகாரம் முழுவதையும் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார்.