பழைய காரை வீட்டுக்கு சிமெண்ட் பூசாதீங்க ப்ளீஸ்

ஊர்ல பழைய சுண்ணாம்புக் காரை வீடு வச்சிருக்கவங்க நிறைய பேரு, செவுரு ஓதம் காக்குதுன்னு காரைய கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடுறாங்க. கொஞ்ச நாள் பளிச்சுன்னு இருக்கும், அப்புறம் முழங்கால் உயரத்துல நின்ன ஓதம் இடுப்புக்கு ஏறிடும்.

அந்தக் காலத்து வீட்டுக்கு அடியில ஈரத்த தடுக்குற லேயர் எல்லாம் பெரும்பாலும் கெடையாது, செவுத்துச் செங்கல்லு மண்ணுல இருக்குற ஈரத்த உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், காரைப் பூச்சுல பொடித்துளை நிறைய இருக்கறதால அந்த ஈரம் காத்தோட போயிடும். சிமெண்ட் அந்த வழிய அடைச்சா தண்ணி மேல ஏறாம என்ன பண்ணும்? கூட வர்ற உப்பும் பூச்சுக்குப் பின்னாடி பூத்து செங்கல்லயே அரிச்சிடும். எங்க பக்கத்து வீட்டுல பூச்சு பாளம் பாளமா பேந்து வந்துச்சு, உள்ள செங்கல்ல நகத்தால சுரண்டுனா பொலபொலன்னு கொட்டுது.

மாமா "சிமெண்டுதாண்டா ஸ்ட்ராங்கு"ன்னாரு. ஸ்ட்ராங்குதான் மாமா, அதான் பிரச்சனையே. பூச்சு செங்கல்ல விட மிருதுவா இருந்தாத்தான் செவுரு லேசா அசைஞ்சாலும் கீறல் பூச்சோட நிக்கும், சின்னக் கீறல்னா உள்ள கரைஞ்ச சுண்ணாம்பே வந்து படிஞ்சு அடைச்சுக்கவும் செய்யும்.

சுண்ணாம்புக் கல்ல 900 டிகிரி கிட்ட சுட்டா கார்பன் டை ஆக்சைடு போயிடும், சுத்தமான கல்லு 100 கிலோ போட்டா 56 கிலோதான் மிஞ்சும். அதுல தண்ணி ஊத்துனா குழியே கொதிக்குது, ஆவி அடிக்குது, கல்லெல்லாம் வெடிச்சு வெண்ணெய் மாதிரி ஆயிடுது (கண்ணு பத்திரம், பட்டா பார்வையே போயிடும்). செவுத்துல பூசினதும் போன கார்பன் டை ஆக்சைட காத்துலருந்து திரும்ப இழுத்து மறுபடி கல்லாகும், ஆனா ரொம்ப மெதுவா. அதான் மெல்லிசா பல கோட்டு, ஒவ்வொண்ணும் சட்டுன்னு காயாம ஈரச் சாக்கு.

செட்டிநாட்டு வீடுன்னாலே எல்லாரும் முட்டை வெள்ளக்கருவ பத்தியே பேசுறாங்க. அது கடைசி மேல்பூச்சு வழவழப்புக்குப்பா! என்னைக் கேட்டா உசுரு நல்லா ஊறின சுண்ணாம்புலயும் கடுக்கா வெல்லத் தண்ணிலயும் தேய்க்கிற கைலயும்தான் இருக்கு.

புது கான்கிரீட் வீட்டுக்கு இதச் சொல்லல. பழைய வீடுன்னா மொதல்ல செவுத்தோரம் தேங்குற தண்ணிய வெட்டி விடுங்க, அப்புறம் கொத்தனார்கிட்ட ஒரு கரண்டி சிமெண்ட் கூட கலக்கக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டு பக்கத்துலயே நில்லுங்க, டீ குடிக்கப் போனா கலந்துருவாங்க.