திமிங்கிலத்துக்கு எதற்கு விரல்?

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன், அருங்காட்சியகத்தை நேரில் பார்த்து, அங்கே அறிவியல் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. படிவத்தில் வெளிச்சம், குடிநீர், எழுத்தின் அளவு என்று கட்டங்கள் உண்டு. அவற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடுவேன். மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு காட்சிப்பொருளின் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதுதான்.

பழைய அருங்காட்சியகம் ஒன்றில், திமிங்கில எலும்புக்கூட்டின் துடுப்பருகே ஒரு பையன் நின்றுவிட்டான். "அப்பா, இதுக்கு ஏன் விரல் இருக்கு?" அப்பா பலகையைப் பார்த்தார். லத்தீன் பெயர், நீளம், கரை ஒதுங்கிய ஊர். அவ்வளவுதான். "அது அப்படித்தான்டா. வா, புலி பார்க்கலாம்."

புலி, பாடம் செய்த புலி. வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துப்போயிருந்தது. அதை விடுங்கள். பையன் கேட்ட கேள்விக்கு விடை அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. தோளை ஒட்டி ஒற்றை எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டின் சில்லுகள், கடைசியில் விரல்கள். தன் கையைத் தடவிப் பார்த்தால் அதே வரிசை அவனுக்கும் இருக்கும். தரையில் நடந்த பாலூட்டிகளின் வழிவந்தது திமிங்கிலம் என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி அது. மனிதக் கையின் எலும்புகளைப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த அப்பாவே பாடம் நடத்தியிருப்பார்.

நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் குறை இதுதான். பெயரும் வயதும் சொல்வார்கள்; அது எப்படித் தெரியவந்தது என்று சொல்ல மாட்டார்கள். சந்தேகம், திருத்தம், விடுபட்ட துண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். எனக்கு அந்த விடுபட்ட துண்டில்தான் ருசி.

ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கும் கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய அடிலாபாத் மாவட்டத்தின் யமன்பள்ளி அருகே தோண்டியெடுத்த எலும்புகள் சுமார் 840. அவை ஒரே விலங்குடையவை இல்லை. குறைந்தது 12 விலங்குகள் கலந்து கிடந்தன. மண்டையோடு கிடைக்கவே இல்லை. அப்படியானால் தலையை எதை வைத்துச் செய்தார்கள்? குழந்தைகளிடம் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். "அதோட சொந்தக்காரங்க தலையைப் பார்த்து" என்று எவளாவது ஒருத்தி சொல்லிவிடுவாள். புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியலாளரும் அதைத்தான் செய்கிறார்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 1905-இல் வந்த டிப்ளோடோகஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டு வார்ப்பில் வால் நெடுங்காலம் தரையை ஒட்டியே கிடந்தது. இந்த விலங்குகள் வாலை இழுத்துக்கொண்டு நடக்கவில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்த பிறகு, 1993-இல் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். பழைய புகைப்படத்தையும் புதியதையும் அடுத்தடுத்துக் காட்டினாலே ஒரு வகுப்பு ஓடிவிடும்.

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், கிடக்கிறது. கடல் இருந்த இடத்துக்கு மரம் எப்படி வந்தது என்று அங்கே நின்று கேட்டால், அடித்து வந்திருக்கும் என்று வெள்ளம் பார்த்த பிள்ளைகள் பட்டென்று சொல்வார்கள்.

அதே பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னத்தில், 2020 அக்டோபரில், குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் முழுக்கப் படம் பறந்தது. ஆராய்ந்தவர்கள், அவை அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரியைச் சுற்றிப் படிவு இறுகி உருவானவை என்றார்கள். அந்தச் செய்தி அவ்வளவு தூரம் பறக்கவில்லை.

அந்த வட்டாரத்துக்கு ஏதாவது காட்சி அமைக்கப்போகிறோம் என்று யாராவது யோசனை கேட்டால், இப்போதெல்லாம் ஒன்றுதான் சொல்கிறேன். அப்படி ஓர் உருண்டையை இரண்டாகப் பிளந்து மேசைமேல் வையுங்கள், கண்ணாடி போடாமல். பக்கத்தில் பிளக்காத ஒன்று. பலகையில் ஒரே வரி: 'இது முட்டையா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' கண்ணாடி இல்லையென்றால் திருடு போய்விடும் என்கிறார்கள். போகட்டும், குளத்தில் இன்னும் கிடைக்கும் என்றால் சிரிக்கிறார்கள்.