ஹாட்ஸ்பாட் எடுத்தது, சர்வர் எடுக்கவில்லை

எங்கள் ஜவுளிக்கடைக்கு ஈரோட்டில் மெயின் கடை, கோபியில் கிளை. கிளையை நான் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங் சர்வர் ஈரோட்டில் இருக்கிறது. கோபியில் கல்லா பக்கத்திலிருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஓபன்விபிஎன் வழியாக, அதாவது இணையத்துக்குள்ளேயே தனிப்பாதை போட்டுத் தரும் விபிஎன் சாஃப்ட்வேர் வழியாக, அதோடு பேசும். மூன்று வருடமாகத் தொந்தரவில்லாமல் ஓடியதால், விபிஎன் என்றால் டாஸ்க்பாரில் பச்சையாகத் தெரியும் குட்டி மானிட்டர் படம் என்பதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஸ்டாக் எடுக்க வேண்டும். போன வருடம் வரை நோட்டில் எழுதி, அப்புறம் உட்கார்ந்து ஏற்றுவோம். இரண்டு ராத்திரி போய்விடும். இந்தத் தடவை ஈரோட்டிலிருந்து நான்கு கை ஸ்கேனர்கள் வந்தன. தடித்த செல்போன் மாதிரி இருக்கும், உள்ளே ஆண்ட்ராய்டு. பார்கோடைக் காட்டினால் கணக்கு நேரே சர்வரில் போய் விழும். ஆனால் அது ஈரோட்டில், சர்வர் இருக்கும் அதே வைஃபைக்குள். இங்கிருந்து போய் விழ வேண்டுமென்றால் ஸ்கேனரில் விபிஎன் ஆப் வேண்டும். ஸ்டாக் ஆப் தவிர எதையும் போட முடியாதபடி அதைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள்.

வழக்கமாக வரும் கம்ப்யூட்டர்காரர் மச்சினி கல்யாணத்தில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஹாட்ஸ்பாட் போட்டு விபிஎன் லைனை ஷேர் பண்ணிருங்க மேடம், அஞ்சு நிமிஷ வேலை."

எங்கள் கம்ப்யூட்டருக்கு நெட் கேபிளில் வருகிறது, வைஃபையே கிடையாது. வைஃபை கொடுக்கும் குட்டி யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிச் செருகினேன். இணையத்தில் பார்த்த பழைய குறிப்பொன்றை நம்பி, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஹோஸ்டட் நெட்வொர்க் சப்போர்ட்டட்: நோ' என்று வந்ததைப் பார்த்து, டாங்கிளே ஆகாது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். அது விண்டோஸ் 7 காலத்து முறை. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸுக்குள் இருக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட் வைஃபை டைரக்ட் என்ற வேறு வழியில் வேலை செய்கிறது. அந்த 'நோ'வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். என் போனில் பெயர் தெரிந்தது, ஸ்கேனரில் தெரியவில்லை. ஸ்கேனர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும் போல. ஹாட்ஸ்பாட்டின் பேண்டை, அதாவது அலைவரிசையை, அதற்கு மாற்றியதும் நான்கும் வரிசையாக ஒட்டிக்கொண்டன. என் போனில் நெட் பறந்தது. ஸ்கேனரில் மட்டும் 'சர்வரை அணுக முடியவில்லை'. அதே நிமிடம், அதே கம்ப்யூட்டரில், பில் ஜோராகப் போட முடிகிறது!

விபிஎன்னை நிறுத்திப் போட்டேன், ஹாட்ஸ்பாட்டை நிறுத்திப் போட்டேன், கடைசியில் கம்ப்யூட்டரையே நிறுத்திப் போட்டேன். இதற்கு ஒரு மணி நேரம். பிறகு ஈரோட்டில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்து விபிஎன் லாகை, அதாவது நடப்பதையெல்லாம் அது குறித்துவைக்கும் பதிவை, திறந்து வாசிக்கச் சொன்னேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்றான்: 'பேட் சோர்ஸ் அட்ரஸ் ஃப்ரம் கிளையன்ட், 192.168.137.23, பாக்கெட் டிராப்டு.' பில் தாளின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

192.168.137 என்பது விண்டோஸ் தன் ஹாட்ஸ்பாட்டில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் எண். ஆக, ஸ்கேனர் அனுப்பியது ஈரோடு வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருக்கும் விபிஎன்னுக்கு என் கம்ப்யூட்டரை, தான் கொடுத்த 10.8.0.6 என்ற எண்ணில்தான் தெரியும். அனுப்புநர் பெயர் தெரியாத பண்டலை லாரி ஆபீஸில் ஓரமாகத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டது. ஹாட்ஸ்பாட் தானாக ஷேர் செய்தது கேபிள் லைனை. அந்த லைனில் வெளியே போகிறவற்றுக்கு மட்டும்தான் அனுப்புநர் எண்ணை மாற்றி ஒட்டுகிறது. விபிஎன் பக்கம் போனவை பழைய எண்ணோடேயே போயிருக்கின்றன.

புரிந்தபின் வேலை நிஜமாகவே ஐந்து நிமிடம்தான். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸைத் திறந்தேன். அங்கே 'டேப்-விண்டோஸ் அடாப்டர் வி9' என்று இருப்பதுதான் ஓபன்விபிஎன்னின் ஆள். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், முதல் கட்டத்தில் டிக். அதற்குக் கீழே யாருக்கு ஷேர் செய்வது என்று கேட்கும் பட்டியலில் 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்' என்ற பெயரும் நட்சத்திரக் குறியும் ஒரு நம்பரும் இருப்பதுதான் ஹாட்ஸ்பாட். டாங்கிளின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். நான் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஓகே கொடுத்து, ஸ்கேனரில் ஒரு பவானி ஜமக்காளத்தின் பார்கோடைக் காட்டினேன். பீப். ஈரோட்டிலிருந்து தம்பி, "ஜமக்காளம் ஒண்ணு வந்துருச்சு அக்கா" என்றான்.

உடனே அடுத்த புகார். "அக்கா, நெட் போயிருச்சுங்க" என்று கடைப்பையன் ஸ்கேனரை நீட்டினான். வைஃபை படத்தின் பக்கத்தில் ஆச்சரியக்குறி. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு லைனைத்தான் ஷேர் செய்யும். எங்கள் விபிஎன்னில் ஈரோட்டுக் கடைக்கான போக்குவரத்து மட்டும்தான் போகும், மற்றதெல்லாம் கேபிளில். அதனால் ஸ்கேனருக்கு இப்போது சர்வர் உண்டு, இன்டர்நெட் இல்லை. எல்லாப் போக்குவரத்தும் விபிஎன்னிலேயே போகிற மாதிரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறி வராது. 'இன்டர்நெட் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா?' என்று ஆண்ட்ராய்டு கேட்டதற்கு ஆமாம் கொடுத்துவிட்டேன். ஸ்டாக் எடுக்க இன்டர்நெட் எதற்கு?

டீ குடிக்கப் போய் வந்தால் ஹாட்ஸ்பாட்டே அணைந்து கிடந்தது. யாரும் இணைப்பில் இல்லையென்றால் சிறிது நேரத்தில் அதுவாகவே படுத்துக்கொள்ளும். அந்தப் பவர் சேவிங்கை ஆஃப் செய்தேன். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் டிக் இருக்கிறது, ஷேரிங் நடக்கவில்லை. டிக்கை எடுத்து மறுபடி வைத்தால் சரியாகிறது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு இப்படி ஆவது விண்டோஸின் பழைய வியாதியாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள்ரீபூட்பெர்சிஸ்ட்கனெக்‌ஷன்' என்று ஒரு மதிப்பை 1 ஆக்கி, இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் சர்வீஸை ஆட்டோமேட்டிக்கில் வைக்க வேண்டும். இதைக் கல்யாணம் முடிந்து வந்த கம்ப்யூட்டர்காரரை வைத்துச் செய்துகொண்டேன். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க எனக்குத் தைரியம் போதவில்லை.

இது சொந்தக் கடை, சொந்த சர்வர். வேலை பார்க்கும் ஆபீஸின் விபிஎன்னை யாரையும் கேட்காமல் இப்படித் திறந்துவிடாதீர்கள். நான்கு ஸ்கேனரும் அந்தப் பக்கம் ஒரே 10.8.0.6 ஆகத்தான் தெரிந்தன. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு தெரிந்த யார் எதைச் செய்தாலும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

விபிஎன்னைக் கிளையின் ரவுட்டரிலேயே போட்டுவிட்டால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்கிறார் கம்ப்யூட்டர்காரர். தீபாவளிக்குள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை டாங்கிள்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதற்குள் கடைப்பையன் மறித்துச் சொன்னான்: "அந்தக் குறி இருக்குதுங்களா? அப்ப சரியா இருக்குது. குறி இல்லைன்னாத்தான் அக்காகிட்ட சொல்லோணும்."