துடுப்பில் காது வைத்த இரவு

மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது முப்பத்தேழு. ஆனாலும் போன போயா (பௌர்ணமி) இரவுவரை மீன் பாடுவதை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. 'மீன்பாடும் தேன்நாடு' என்று பள்ளிக்கூட மேடையில் எத்தனையோ தடவை முழங்கியிருக்கிறேன். காதால் கேட்டது கிடையாது.

எங்கள் சின்ன வயதில் பொழுதுபட்டால் ஆற்றுப் பக்கம் யாரும் போவதில்லை. எழுதும்போதுதான் வாவி, பேச்சில் எங்களுக்கு அது ஆறு. இரவில் தோணி இறக்கினால் எந்தக் கரையிலிருந்து வெடி வரும் என்று தெரியாத யுத்த காலம் அது. அப்புறம் சுனாமி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியில் என் சின்னம்மாவின் வீடு போனது, அவவும் போனா. கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு நான் தண்ணீரைப் பார்த்து வளர்ந்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்துதான், பஸ் ஜன்னல் வழியாக.

சித்திரை விடுமுறையில் பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போனோம். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத கடல் அது. பதினொரு வயது மகன் ஓடிப்போய் விழுந்தான். ஏழு வயது மகள் சப்பாத்தைக் கழற்றாமல் மணலிலேயே நின்று அழுதாள். "முதலை வரும் அம்மா" என்றாள். கடலில் எங்கே முதலை? ஆற்றங்கரைக்குப் போகாமல் இருக்க நான் சொல்லிவைத்த முதலை அது. ஆற்றில் முதலை இருப்பது உண்மைதான். ஆனால் நான் அதை எல்லாத் தண்ணீருக்குள்ளும் விட்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காத்தான்குடித் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே, "புள்ள, ஆனிப் போயா வெள்ளிக்கிழமை விழுது. மூணு நாள் லீவு. ஆத்தங்கரையில ஒரு ராவு படுப்பமா?" என்றாள். அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. அவளுடைய சொந்தக்காரர் ஒருவருக்கு நாவலடியில் தென்னந்தோட்டம் இருக்கிறது. இடத்தின் பெயரைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அக்கரைப்பற்றிலிருந்து இன்னொரு குடும்பமும் வந்தது. கரையோர வீதியால் வேனில், மடியில் இரண்டு சட்டித் தயிரோடு. தோழியின் கணவர் ஜும்மா முடித்து வந்து சேர, பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஐந்து பேர்.

அன்று கச்சான் காற்று சரியான அடி. ஆனி ஆடியில் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வெயிலைச் சுருட்டிக்கொண்டு வந்து முகத்தில் எறியும் காற்று. கூடாரத்துக்கு வந்த ஆணிகள் நாவலடி மணலில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு தரம் கூடாரம் உருண்டு வேலிக்குப் போனது. அக்கரைப்பற்று நண்பர் வயல்காரர். பேசாமல் வேனிலிருந்து வெற்று உரப்பைகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் பாதி மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கிடையாகப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்கினார். பிள்ளைகள் ஐவரும் வரிசையாக நின்று மிதித்தார்கள். அதற்குப் பிறகு கூடாரம் அசையவே இல்லை. கடற்கரையில் கூடாரம் போட நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மணலில் ஆணி வேலைக்கு ஆகாது.

மூன்று கல் வைத்து அடுப்பு. மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பல் இடித்து, இறால் பொரித்தோம். தயிரைப் பிள்ளைகள் சட்டியோடு முடித்தார்கள்.

தோணிக்கார அண்ணன் இரண்டு பேர். மூத்தவர் பிள்ளைப் பராயத்திலிருந்தே இந்த ஆற்றில் வலை வீசுகிறவர். "காத்து விழட்டும் தங்கச்சி, ஒம்பதரைக்குப் போவம்" என்றார். நான் லைஃப் ஜக்கெட்டுகளைச் சரிபார்த்தேன். அளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது: போட்டு இறுக்கிய பிறகு பிள்ளையின் இரு தோள் பட்டிகளையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜக்கெட் நாடிக்கு (மோவாய்க்கு) மேலே ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். ஐந்தில் இரண்டு அப்படி ஏறியது. அந்த இரண்டையும் மாற்றி எடுத்து வரும்வரை தோணி கிளம்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் சுளிக்காமல் போய் எடுத்து வந்தார்.

நிலா தென்னைக்கு மேலே வந்திருந்தது. ஆறு அசையாமல் கிடந்தது. எல்லோரும் ஏறினார்கள். மகள் கரையில் நின்றாள், பாசிக்குடாவில் நின்ற அதே நிற்பு.

நான் வாயைத் திறக்கும் முன்னே பெரியண்ணன் கையைக் காட்டி என்னை மறித்தார். அவளிடம் "வா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. துடுப்பை அவள் கையில் கொடுத்து, "மகள், இதக் கொஞ்சம் பிடிச்சிக்க. நான் தண்ணி இறைக்கணும்" என்றார். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தோணித் தண்ணீரை மெதுவாக, மெத்த மெதுவாக இறைத்தார். துடுப்பு அவளைவிட உயரம். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறைத்து முடித்து, "இனிக் கொண்டு வா. துடுப்பில்லாம தோணி போகாது" என்றார். அவள் தண்ணீரைப் பார்த்தாள். துடுப்பின் நுனியால் அடியைத் தட்டிப் பார்த்தாள். கணுக்கால். தட்டினாள். முழங்கால். தோணிக்கு வந்துவிட்டாள். தூக்கி மடியில் வைத்தபோது அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது, என்னுடையதும்தான்.

எஞ்சின் போடவில்லை. கோல் ஊன்றிக் கல்லடிப் பாலத்தின் பக்கமாகப் போனோம். 2013இல் திறந்த புதுப் பாலத்தில் விளக்குகள், பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் கறுப்பாக. முதலில் நிறுத்திய இடத்தில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மேல்நுனியில் காதை வைத்தபோது கேட்டதெல்லாம் வாகனங்களின் அதிர்வுதான். மகன் முகம் வாடிவிட்டது. "இன்னும் கொஞ்சம் கிறுகிப் போவம். கீழ கல்லுக் கிடக்கிற இடம் எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

அங்கே கேட்டது.

ஈர மரத்தின் குளிர் முதலில் காது மடலில் ஏறியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் யாரோ தம்புராவின் ஒரு தந்தியை மட்டும் தொட்டுத் தொட்டு விடுவது போல. ஒன்று நிற்கும் முன் இன்னொன்று, அதைவிடத் தாழ்ந்து. காதை எடுத்தால் மௌனம். வைத்தால் மறுபடியும். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஓசைக்கு இதை ஒப்பிட்டார். நம் மீனவர்கள் அவரிடம் இது ஊரி என்ற ஓட்டு நத்தை கத்துகிற சத்தம் என்றார்களாம். பிறகு அருட்தந்தை லாங் இதை ஒலிப்பதிவே செய்தார். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வயிற்றிலுள்ள காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும் மீன்கள் உலகத்தில் பல இருப்பதால் நான் மீன் பக்கம். அண்ணன் ஊரி பக்கம்.

"ஏன் சும்மா கேட்டால் கேட்காது?" என்று மகன் கேட்டான். தண்ணீருக்குள் எழும் ஒலியில் பெரும்பகுதி மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடும், காற்றுக்கு வராது, துடுப்பு மரம்தான் அதைக் காதுவரை கொண்டு வருகிறது என்றேன். அவனும் தோழியின் மகனும் ஒரு துடுப்பின் இரு பக்கமும் தலையை ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருந்தார்கள். அந்த இருவரும் பத்து நிமிடம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மகள் கடைசியாகக் காதை வைத்தாள். கண்ணை மூடினாள். "அம்மா, முதலை இதைக் கேட்குமா?" என்றாள். கேட்கும் என்றேன். "அப்ப அது நித்திரையாகியிருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தி வைத்தாள்.

அன்றிரவு எல்லோரும் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் இந்த ஒடுங்கிய மணல். ஒவ்வொரு அலையும் விழுந்து திரும்பும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். வேன் திறப்பு என் கைக்குள்ளேயே இருந்தது. சுபஹுக்கு எழும்பிய தோழி தொழுதுவிட்டு, அடுப்பைக் கிளறி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். சின்னம்மாவின் கையால் அவளும் எத்தனையோ தரம் புட்டு தின்றவள். "அவ இருந்தா இப்ப நம்மளுக்கு ஏசுவா, புள்ளைகளப் பனியில படுக்க வெச்சதுக்கு" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக நாவலடியில் இருந்து நான் சிரித்தேன், அழுதும் கொண்டேன்.

காலையில் தோணியில் முகத்துவாரம் போனோம். மாரியில் வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுகிற மணல்திட்டில் பிள்ளைகள் ஓடினார்கள். மறுகரையில் பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913இல் கட்டியது, வெள்ளையாக நின்றது. மகள் சப்பாத்தைத் தோணியிலேயே விட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில் சுனாமி நினைவிடத்தில் எல்லோரும் இறங்கினோம். சின்னம்மாவின் பெயரை மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். எழுத்தின் குழிகளில் மணல் அடைந்திருந்தது. மகள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள். "இவவுக்கு மீன் பாடுறது கேட்டிருக்கா?" என்று கேட்டாள். தெரியாது மகள் என்றேன். நான் அவவிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

அடுத்த போயாவுக்கும் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சின்ன ஜக்கெட் இரண்டு, முன்கூட்டியே.