மொஸார்ட்டின் அப்பாவைத் தேடி ஆக்ஸ்பர்க்குக்கு

மியூனிக்கிலிருந்து ஆக்ஸ்பர்க்குக்கு முக்கால் மணி நேர ரயில். காலை ஒன்பதுக்கு மேல் ஏறினால்தான் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் முழுக்கச் சுற்றும் மலிவு டிக்கெட் செல்லும் என்பதால், காத்திருந்து ஏறினேன். அப்படி மிச்சம் பிடித்ததை ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்சிக்காரர் பிடுங்கிக்கொண்டார். டிராமில் சட்டென்று போகிற இடத்துக்கு ஊரைச் சுற்றிப் போய் 19 யூரோ! நல்ல மழை, வேறு வழியில்லாமல் ஏறிவிட்டேன். நீங்கள் டிராமிலேயே போங்கள்.

ஃப்ராவென்டோர் தெரு, 30-ம் எண். 1719 நவம்பரில், இசைமேதை மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் மொஸார்ட் பிறந்த வீடு. புத்தக பைண்டர் மகன். இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வகுப்புக்கு ஒழுங்காகப் போகாததால் 1739-ல் நீக்கப்பட்டவர். 1743-ல் அங்கேயே பேராயரின் அரசவை இசைக்குழுவில் வயலின் கலைஞராகிவிட்டார்.

நான் வந்ததே அவருடைய வயலின் பாடநூலுக்காக. 1756-ல், மகன் வுல்ஃப்காங் (நாம் மொஸார்ட் என்று சொல்பவர்) பிறந்த அதே வருஷம், இதே ஊரில் லோட்டர் என்ற பதிப்பாளர் அச்சிட்டது. வயலினை மார்பில் சாய்த்துப் பிடிப்பது பார்க்க அழகுதான், ஆனால் கை மேலே ஏறும்போது வாத்தியம் நழுவும் என்கிறார். அதனால் கழுத்தோடு சேர்த்து வை, மெல்லிய தந்தி உள்ள பக்கம் தாடைக்குக் கீழே வரட்டும். இன்று மேற்கத்திய வயலினில் தாடை நேர் எதிர்ப்பக்கம்! ஏழு வருஷம் வயலின் கற்றவள் நான். வாத்தியம் நழுவுகிற பயம் எனக்குத் தெரியும். லியோபோல்ட் எத்தனை மாணவர்களின் கையைப் பார்த்துத் திருத்தியிருந்தால் இப்படி எழுத வரும்!

இவரை வெறும் 'மொஸார்ட்டின் அப்பா' என்று சொல்வது அநியாயம். 1755-ல் பனிச்சறுக்கு வண்டிப் பயணத்தையே இசையாக்கியவர். 1762-ல் எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு ஒரு டிரம்பெட் தனித்து ஒலிக்கும் படைப்பு) இன்றும் மேடையேறுகிறது. பிள்ளைகளோடு ஐரோப்பா சுற்றத் தொடங்கியபின் சொந்தமாக எழுதுவது குறைந்துபோனது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம், சாப்பாடு. ஆக்ஸ்பர்க் போனால் ட்ஸ்வெட்ச்கென்டாட்சி சாப்பிடாமல் வராதீர்கள். மெல்லிய மாவின்மேல் பிளம்ஸ் பழத் துண்டுகளை நெருக்கி அடுக்கிச் சுட்ட கேக். ஓரம் மொறுமொறு, நடுவில் பழச்சாறு ஊறிய புளிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசில் இரண்டு துண்டு வாங்கினேன். திரும்பும் ரயிலில் சறுக்கு வண்டி இசையைப் போட்டேன். குதிரை மணிகள் குலுங்க, விரலில் இன்னும் பிளம்ஸ் பிசுபிசுப்பு.