சந்தனக்கூடு கடைவீதியில் ஒரு பிணம்

கோஸி மிஸ்டரி என்பது மென்மையான துப்பறியும் கதை வகை; அதில் ரத்தம் கண்ணெதிரே தெறிக்காது. துப்பறிகிறவர் போலீஸ் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஓர் இடம் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர்கள் சிலர் அந்த இடமாக மறுமலர்ச்சிக் காலச் சந்தையை எடுத்துக்கொள்கிறார்கள். 1963ல் கலிபோர்னியாவில் தொடங்கிய வழக்கம் அது. பழங்கால உடுப்பு மாட்டிக்கொண்டு சந்தை சந்தையாக நகரும் ஒரு கடைக்காரக் கூட்டம்.

ராமநாதபுரம் கரையில் அதற்கு வேஷம் தேவையில்லை. மார்கழியில் உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம், பிறகு ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா, நடுவே ஊர் ஊராகக் கொடியேற்றம். வளையல் கடை, பேரிச்சம்பழக் கடை, ராட்டினம், சங்குக் கடை: அதே முகங்கள்தான். ஒரு தொடருக்கு இதில் பத்துப் பேர் போதும். ஒரு புத்தகத்துக்குச் சந்தேக நபர்கள் ஐந்தைத் தாண்டினால் வாசகர் பெயர்களைக் குழப்பிக்கொள்வார்.

துப்பு மட்டும் கடைப்பொருளிலிருந்தே வரவேண்டும். கைரேகை, சிசிடிவி என்று போனால் இந்தக் கதை எந்த ஊரிலும் நடக்கலாம். பிறகு ஏர்வாடி எதற்கு?

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடலில் குளித்தெடுப்பது பெரும்பாலும் இடம்புரி. வலம்புரி அபூர்வம், லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். அதனால் போலி உண்டு. அமெரிக்கக் கடலில் கிடைக்கும் ஒரு வகைச் சங்கு இயல்பிலேயே எதிர்ப்பக்கம் சுழல்வது. அதைத் தேய்த்து வெளுக்க வைத்து வலம்புரி என்று விற்பதுண்டு. வித்தியாசம் வாய்க்குள் இருக்கிறது. நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு வரிகள் மேடாக ஓடும். அந்தப் போலியில் அப்படி வராது. காதில் வைத்தால் கடல் இரைகிறது என்பதெல்லாம் சோதனையே அல்ல; காலி டம்ளரும் இரையும்.

எழுத்தில் இப்படி வரலாம் (காக்கா என்றால் இந்தக் கரை முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்):

“காக்கா, இது வலம்புரிதானே?”

“உள்ளே விரலை விட்டுப் பாரு தங்கச்சி. வரி தட்டுதா?”

“வழவழன்னு இருக்கு.”

“அப்ப அது நம்ம கடல் சரக்கு இல்ல.”

இந்தப் பேரத்தை மூன்றாம் அத்தியாயத்தில் சிரிப்புக்காக வைப்பதுபோல வைத்துவிடுங்கள். இருபதாம் அத்தியாயத்தில், செத்தவர் கடையில் இருந்த சங்கை, துப்பறிகிற வளையல்கார அக்கா தடவிப் பார்க்கும்போது வாசகருக்கும் அது நினைவு வரவேண்டும். முடிவுக்கு இரண்டு பக்கம் முன்னால் வந்து வரிக்கணக்கு சொன்னால் அது ஏமாற்று வேலை.

பலர் சறுக்குவது திசையில்தான். சங்கின் கூரான சுருள்முனை மேலே இருக்கும்படி, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் சாதாரண இடம்புரிச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். ஊதும்போது முனை நம் பக்கம் திரும்பிவிடுவதால் கணக்கு மாறுகிறது. எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார் என்று எழுதாமல் ‘வலது’ என்று மட்டும் போட்டால் துப்பு தலைகீழாகிவிடும்.

அடுத்தது நாள்காட்டி. சந்தனக்கூடு துல்கஅதா என்ற இஸ்லாமிய மாதத்தில் வருகிறது. ஹிஜ்ரி கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அசையாது. 2025ல் துல்கஅதா முழுக்கத் தடைக்குள் விழுந்தது. ‘கூடு இழுத்த ராத்திரி விசைப்படகில் கடலில் இருந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அது பொய் என்று எந்த மீன்காரம்மாவும் பிடித்துவிடுவார். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. ஆகவே அதே இரவு வல்லத்தில் போனவர் தப்பிக்கலாம். எனக்குப் பிடித்த பொய்சாட்சி இதுதான், அரைவரியில் உடைந்துவிடும். ஆனால் தொடரின் பிந்தைய புத்தகம் 2029ல் நடந்தால் சந்தனக்கூடு தடைக்கு முன்பே வந்துவிடும், இதே துப்பு செல்லாது. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஆண்டை முடிவு செய்துவிடுங்கள்.

காற்றும் அப்படித்தான். வைகாசியில் வாடைக்காற்று அடித்தால் பாம்பனில் யாரும் அடுத்த பக்கம் புரட்டமாட்டார்கள்.

கடல் அட்டைக் கடத்தல் கதைக்கு ஆசை காட்டும். 2001லிருந்து தடை செய்யப்பட்ட பொருள், பணம் பெரிது. தொடாதீர்கள். உள்ளே வந்த மறுநிமிடம் சுங்கம், கடலோரக் காவல் படை, கும்பல் எல்லாம் வந்து வளையல்கார அக்காவை ஓரம்கட்டிவிடும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராட்டினம் போகாது. ஆனால் ஒரு புத்தகம் அங்கே கட்டாயம் வைக்கலாம்: தீவு, ஓர் இரவுத் தங்கல், படகுக்குப் படகு பயணிகள் பெயர்ப்பட்டியல். வெளியாள் வந்து கொன்றான் என்று சொல்ல வழியே இல்லை. 2024ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த ஆண்டு ராமேஸ்வரத்திலிருந்து படகு போகவில்லை.