இடிக்க முதல் ஒரு படம்

மட்டக்களப்பில் பழைய கட்டடம் என்றால் எல்லாரும் கோட்டையைத்தான் காட்டுவார்கள். 1628ல் போர்த்துக்கீசர் கட்டி, 1638ல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு நெடுங்காலம் கச்சேரி என்ற மாவட்ட அரச செயலகம் நடந்த இடம். அதில் கைவைக்க யாரும் துணியமாட்டார்கள். எனக்குப் பயம் பழைய பட்டினமான புளியந்தீவுத் தெருக்களில் நிற்கும் கடைவீடுகளையும் விறாந்தை வைத்த வீடுகளையும் பற்றித்தான். நான் படவரைஞர். மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பிளான் கீறித் தரச்சொல்லி வருகிறவர்களின் காணியில் பெரும்பாலும் இப்படி ஒன்று நிற்கிறது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம்தான் தானாகவே தொல்பொருள் ஆகும். அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள். மட்டக்களப்போ 1795லேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நாம் பட்டினம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி 1815க்குப் பிறகு எழுந்தது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து இறங்கியதே 1814, வின்சன்ற் பாடசாலை தொடங்கியது 1820, மைக்கல் கல்லூரி 1873. பிந்திய கட்டடம் நூறு வருடம் தாண்டியிருந்தால் வர்த்தமானியில் அறிவித்துக் காப்பாற்றலாம். ஆனால் ஒவ்வொன்றையும் யாராவது தேடிப்போய்க் குறித்துக் கொடுக்க வேண்டும். கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்றும் விதி இருக்கிறது. அது 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 99 பேர்ச்சுக்கு. நான் புளியந்தீவில் அளக்கிற காணிகள் பத்து, பன்னிரண்டு பேர்ச். வயதும் காணாது, பரப்பும் காணாது.

அண்மையில் வாவிப் பக்கமாக ஒரு வீட்டை அளக்கப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டா: "சுவரெல்லாம் உக்கிப்போச்சு பிள்ளை, தட்டினாலே கொட்டுது. ஆரும் பார்த்தா இடிக்கத்தான் சொல்லுவாங்க."

தட்டிப் பார்த்தேன். பொள்ளல் சத்தம் கேட்டது உண்மை. ஆனால் கொட்டினது பிற்காலத்தில் பூசிய சீமெந்து. அதன் கீழே சுண்ணாம்புச் சாந்து, அதற்குள்ளே இறுக்கமான செங்கல். வாவியோரத்து நிலத்தில் ஈரமும் உப்பும் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அடைத்துவிடும். அடைபட்ட இடத்தில் உப்புப் படிந்து பூத்து, பூச்சையும் தள்ளிக் கல்லையும் மாவாக்கும். பழுதுபார்க்கவென்று பூசிய சீமெந்துதான் இந்த ஊரில் எத்தனையோ நல்ல சுவர்களுக்கு 'ஆபத்தான கட்டடம்' என்று பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பூச்சை உரிக்காமல் எழுதுகிற எந்த அறிக்கையையும் நான் நம்பமாட்டேன்.

கூரையில் பாதி ஓடு, பாதி அஸ்பெஸ்டஸ் சீற். ஓட்டைக் கழற்றித் திருப்பினால் அடியில் மங்களூர் என்று அச்சு. சீற் எப்போது வந்தது என்று கேட்டேன். "எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு" என்றா. 1978 நவம்பர் 23 இரவு இங்கே பறக்காத கூரை குறைவு. அதனால் கூரையைப் பார்த்து மட்டும் வீட்டின் வயதைச் சொல்லக்கூடாது. கூட வந்த தச்சு ஓடாவி கூரை தாங்கும் தீராந்திகள் சுவருக்குள் நுழையும் இடங்களைக் கம்பியால் குத்திப் பார்த்தார். சில முனைகளில் கறையான், மற்றதெல்லாம் வைரம் பாய்ந்த மரம்.

பெட்டிக்குள் இருந்த பழைய காணி உறுதியை அம்மா எடுத்துத் தந்தா. வடக்கு எல்லை 'வாவி' என்றிருந்தது. இன்றைக்கு அந்த வீட்டுக்கும் வாவிக்கும் நடுவில் றோட்டும் கடைகளும். கரை எங்கே இருந்தது என்பதை அந்த ஒரு சொல் வைத்திருந்தது. படங்களைத் தள்ளிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழையதெல்லாம் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே வளவின் பின்கட்டு பிற்காலத்துப் பிளொக் கல், போகட்டும். அதில் எடுத்துப் பொருத்தியிருக்கும் முதிரை மரக் கதவு நிலைகளைக் கழற்றி வைத்தால் போதும். முன் விறாந்தையும் இரண்டு அறையும் நின்றால், பின்னால் மூன்று மாடி தாராளமாக எழும்பும். அப்படித்தான் கீறிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாடகை வருமானம் வேண்டும், அது நியாயம். முடிவு குடும்பத்தின் கையில்.

மாநகர சபையிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இடிக்க அனுமதி கொடுக்க முதல் ஒரு தரைப்படம், ஒரு முகப்புப் படம், ஒரு வெட்டுமுகம், கொஞ்சம் புகைப்படங்கள். ஒரு பிரதி பொது நூலகத்துக்கு. ஒரு படவரைஞருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. கட்டடச் செலவில் இது கணக்கிலேயே வராது.

அந்த விதி வரும்வரை, பட்டினத்துக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கூரை கழற்ற முதல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், காசு வேண்டாம். உறுதிகளையும் கலியாண அல்பங்களையும் எடுத்து வையுங்கள். விறாந்தையில் நின்று எடுத்த குடும்பப் படங்களில் தூணும் யன்னலும் சூறாவளிக்கு முந்திய கூரையும் சேர்ந்தே விழுந்திருக்கும். அளக்க அது பெரிய உதவி.